காரணி தெரியாமலே பகு எண்

அன்புள்ள ஐயா,

நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 2⁶⁷ − 1 பகா எண் அல்ல என்று 1876இலேயே நிறுவிவிட்டார்கள், காரணிகள் 1903இல்தான் கிடைத்தன என்று படித்ததை வகுப்பில் சொன்னேன். “எதால வகுபடும்னு தெரியாம, வகுபடும்னு மட்டும் எப்படி மிஸ் தெரியும்?” என்று ஒரு பையன் கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த 27 ஆண்டுகளும் அது வெறும் ஊகம்தானே?

ம.

அன்புள்ள ம.,

ஊகமே இல்லை. பிரெஞ்சுக் கணிதர் எட்வார்ட் லூகாஸ் 1876இல் தந்தது நிரூபணம். அந்தப் பையன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறான், அவனிடம் சொல்லுங்கள்.

பகா எண்கள் ஒன்று விடாமல் கடைப்பிடிக்கும் விதிகள் சில உண்டு. அதில் ஒன்றை மீறினால் போதும், அந்த எண் பகா எண் அல்ல. காரணியைத் தேடவே வேண்டாம். 2¹¹ − 1, அதாவது 2047ஐப் பலகையில் எழுதுங்கள். 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழித்து, 2047ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டே போங்கள்: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. p ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்து, 2ᵖ − 1உம் பகா எண் என்றால், p − 2 படிகளில் 0 வந்தே தீரும். 31க்கு (2⁵ − 1, p = 5) மூன்று படியில் வருகிறது: 4, 14, 8, 0. 2047க்கு p = 11, ஒன்பது படி கழித்து 1736 நிற்கிறது. 23 × 89 என்று யாரும் சொல்லாமலே 2047இன் வழக்கு தீர்ந்தது. (இது லூகாஸின் முறையை அமெரிக்கக் கணிதர் லேமர் பின்னால் சீராக்கிய வடிவம்.)

காரணி கண்டுபிடிப்பது வேறு வேலை. 1903 அக்டோபரில் நியூயார்க்கில், அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் கணிதர் பிராங்க் நெல்சன் கோல் 2⁶⁷ − 1இன் காரணிகளை முன்வைத்தார்:

147573952589676412927 = 193707721 × 761838257287

அவர் வாயே திறக்காமல் பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது தேடலின் கனம். இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியும் 134இன் (2 × 67) மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்க முடியும். சிறிய காரணியே 134 × 1445580 + 1. வரிசையாகப் போனால் பதினான்கு லட்சத்துக்கும் மேல் தாண்ட வேண்டும். கோல் அப்படிப் போகவில்லை, இருபடி எச்சங்களைக் (வர்க்க எண்களை வகுத்தால் வரும் மீதிகள்) கொண்டு சலித்துச் சலித்துக் குறைத்தார். எல்லாம் கைக்கணக்கு!

இந்த இடைவெளி இன்னும் மூடவில்லை. எந்த எண்ணானாலும் பகா எண்ணா இல்லையா என்று உறுதியாகவும் விரைவாகவும் சொல்லும் முறையை 2002இல் கான்பூர் ஐஐடியின் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் தந்தார்கள். காரணிப்படுத்த அப்படியொரு விரைவான முறை சாதாரணக் கணினிக்கு இதுவரை கிடைக்கவில்லை. 1977இல் வந்த, செய்திகளைப் பிறர் படிக்க முடியாமல் பூட்டும் ஆர்எஸ்ஏ மறையாக்கம் அந்தச் சிரமத்தை நம்பித்தான் நிற்கிறது.

அந்தப் பையனுக்கு 2²³ − 1 = 8388607ஐக் கொடுங்கள். காரணி 46இன் மடங்கோடு 1 என்று மட்டும் சொல்லுங்கள். முதல் முயற்சி 47. வகுத்துப் பார்க்கட்டும்.