டெபியன் 13-க்கு மாறிய பிறகு மெயில் சர்வரில் வரும் சிக்கல்கள்: கேள்வி பதில்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 13-ஆம் பதிப்பு வெளிவந்தது 2025 ஆகஸ்டில். 12-இல் இருந்து அதற்கு மாறும்போது டவ்காட் (பெட்டியில் உள்ள மெயிலை யூசர்களுக்குக் காட்டும் மென்பொருள்) 2.3 போய் 2.4 வருகிறது, அதில் கான்ஃபிக் (செட்டிங் ஃபைல்) எழுதும் முறையே மாறிவிட்டது. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெயில் தாமதமானால் பதற வேண்டாம். அனுப்பியவருக்கே அது திருப்பி விடப்படும்போதுதான் இழப்பு. கீழே பொறுக்கச் சொல்வதும் அவசரப்படுத்துவதும் இந்தக் கணக்கில்தான்.

கேள்வி: அண்ணா, நேற்று இரவு அப்கிரேடு முடித்தேன். டவ்காட் ஸ்டார்ட்டே ஆகவில்லை. ஆடிட்டர் ஆபீஸ் சர்வர். ஒன்பதரைக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள். நேற்றைய பேக்கப்பைப் போட்டு 12-க்கே திரும்பிவிடட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? அப்படியானால் இரவு முழுக்க வந்த மெயில் எல்லாம் கியூவில் (காத்திருக்கும் வரிசையில்) பத்திரமாக நிற்கிறது. அதன் செட்டிங்கை மாற்றாமல் விட்டிருந்தால் 5 நாள் வரை வைத்திருந்து திரும்பத் திரும்ப டெலிவரி செய்து பார்க்கும். பழைய பேக்கப்பை மேலே போட்டால் அந்தக் கியூ அழிந்துவிடும். ஆபீஸில் ஒரு மணி நேரம் மெயில் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

டவ்காட் முதல் தவறிலேயே நின்றுவிடும். அதைத் திருத்தினால்தான் அடுத்ததைக் காட்டும். அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு கான்ஃபிக்கைப் படித்துக் காட்டும் டவ்கான்ஃப் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். ஃபைலின் முதல் செட்டிங்காக கான்ஃபிக் வெர்ஷன் இருக்க வேண்டும், கூடவே ஸ்டோரேஜ் வெர்ஷனும். பழைய 'மெயில் லொகேஷன்' ஒரே வரி. இப்போது 'மெயில் டிரைவர்', 'மெயில் பாத்' என்று இரண்டு. எஸ்எஸ்எல் சர்ட்டிஃபிகேட், கீ இரண்டின் செட்டிங் பெயரிலும் 'சர்வர்' என்ற சொல் நடுவில் சேர்ந்திருக்கிறது. ஒன்றில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். முன்பு 'பிளெய்ன்டெக்ஸ்ட்டைத் தடு' என்று இருந்தது இப்போது 'கிளியர்டெக்ஸ்ட்டை அனுமதி' என்று தலைகீழாகிவிட்டது. பழைய 'யெஸ்'ஸை அப்படியே நகல் எடுத்தால் பாஸ்வேர்டு மறைப்பில்லாமல் போக வழி திறந்துவிடும்.

கேள்வி: சார், எங்கள் கல்லூரி சர்வரில் எல்லாம் ஓடுகிறது, எரர் எதுவும் இல்லை. ஆனால் பிரின்சிபால் உட்பட எல்லோருக்கும் இன்பாக்ஸ் காலி. காலையிலிருந்து வந்த பத்துப் பதினைந்து மெயில் மட்டும் தெரிகிறது. பத்து வருட மெயில் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. டவ்காட் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சர்வரில் மெயில் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். டொமைன் பெயரில் பழைய ஃபோல்டர் அப்படியே இருக்கும். பக்கத்திலேயே முழு மெயில் முகவரியைப் பெயராகக் கொண்ட புது ஃபோல்டர்கள் முளைத்திருக்கும். காரணம், பழைய பாத்தில் சதவீதக் குறியோடு 'டி', 'என்' என்ற ஒற்றை எழுத்துகள் இருந்தன: முதலாவது டொமைன், அடுத்தது யூசர் பெயர். 2.4-இல் ஒற்றை எழுத்துகளுக்கு இடமில்லை. அவசரத்தில் இரண்டுக்கும் பதிலாக 'யூசர்' என்ற ஒரே மாறியைப் போட்டிருப்பீர்கள். அது முகவரி முழுவதையும் கொடுத்துவிடும். சதவீதக் குறி போட்டு, வளைவு அடைப்புக்குள் 'யூசர்' என்று எழுதி, செங்குத்துக் கோடு போட்டு, ஓரிடத்தில் 'டொமைன்' என்றும் அடுத்த இடத்தில் 'யூசர்நேம்' என்றும் தர வேண்டும்.

திருத்துவதற்கு முன் டவ்காட்டை நிறுத்துங்கள். காலையில் வந்த மெயில் புது ஃபோல்டர்களில் இருக்கிறது. அதில் 'நியூ'வில் இருப்பதைப் பழைய 'நியூ'வுக்கும், 'கர்'-இல் இருப்பதைப் பழைய 'கர்'-க்கும் மாற்றுங்கள். ஃபைல்களின் உரிமையாளர் மாறிவிடாமல் பாருங்கள். ரூட்டாக இருந்து நகல் எடுத்துவிட்டு டவ்காட்டால் படிக்க முடியவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய. புது ஃபோல்டர்களை ஒரு வாரமாவது அழிக்காதீர்கள். பிரின்சிபாலிடம் இப்போதே போய் மெயில் எதுவும் தொலையவில்லை என்று சொல்லிவிடுங்கள். பத்து வருடக் கடிதம் போய்விட்டது என்ற நினைப்போடு ஒருவரை மாலை வரை உட்கார வைக்கக் கூடாது.

கேள்வி: லாகில் 'அன்சப்போர்ட்டட் டிக்‌ஷனரி டைப்: மைசீக்வல்' என்று நிறைந்து கிடக்கிறது. வெளியிலிருந்து அனுப்புபவர்களுக்கு 'டெம்பரரி லுக்கப் ஃபெயிலியர்' போகிறது.

பதில்: போஸ்ட்ஃபிக்ஸை மைசீக்வல் தரவுத்தளத்தோடு இணைப்பது தனிப் பேக்கேஜ். அப்கிரேடில் அது கழன்றுபோயிருக்கிறது. அதைத் திரும்ப நிறுவி, போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 'டெம்பரரி' என்ற சொல்லைக் கவனியுங்கள். 4-இல் தொடங்கும் எண்ணோடு போகும் மறுப்பு அது. அனுப்பிய சர்வர் மறுபடி முயலும்.

கேள்வி: மற்றவர்களுக்கு லாகின் ஆகிறது, பழைய ஆட்கள் நாலு பேருக்கு மட்டும் ஆகவில்லை.

பதில்: அவர்கள் பாஸ்வேர்டு பழைய எம்டி5 வகை ஹாஷில் (பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமிக்கும் வடிவத்தில்) இருக்கிறதா என்று பாருங்கள். பலவீனமான ஹாஷ்களை 2.4 ஏற்பதில்லை. அனுமதிக்க ஒரு செட்டிங் உண்டு. நாலு பேர்தான் என்பதால் புதுப் பாஸ்வேர்டு கொடுத்துவிடுவதே நல்லது.

கேள்வி: அக்கவுன்ட்ஸ் அக்கா அனுப்பும் இன்வாய்ஸ் எல்லாம் ஜிமெயிலில் ஸ்பாமுக்குப் போகிறது. அப்கிரேடுக்கு முன் ஒழுங்காகப் போனது. எங்கள் லாகில் எல்லாம் 'சென்ட்' என்றுதான் இருக்கிறது.

பதில்: டிகிம் கையொப்பம் (மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டுவது) இல்லாமல் போகிறது என்று நினைக்கிறேன். ஜிமெயிலில் அந்த மெயிலைத் திறந்து 'ஷோ ஒரிஜினல்' கொடுத்தால் உறுதியாகத் தெரிந்துவிடும். அப்கிரேடின்போது பழைய கான்ஃபிக்கை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று கேட்டிருக்கும். அந்தக் கையொப்பத்தைப் போடும் ஓப்பன்டிகிம்முக்குப் புதியதைப் போட்டிருந்தால் அதன் சாக்கெட் (போஸ்ட்ஃபிக்ஸ் அதனோடு பேசும் வழி) 'ரன்' ஃபோல்டருக்குப் போயிருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் குரூட்டுக்குள் (தனக்கென அடைத்த ஃபோல்டருக்குள்) ஓடினால் அதற்கு அந்த இடம் தெரியாது. பழைய ஃபைல் பின்னால் 'டிபிகேஜி ஓல்டு' என்ற ஒட்டோடு அங்கேயே இருக்கும், எடுத்து ஒப்பிடுங்கள்.

ஆனால் லாகில் 'சென்ட்' என்று வந்ததற்குக் காரணம் வேறு. 'மில்டர் டீஃபால்ட் ஆக்‌ஷன்' என்ற போஸ்ட்ஃபிக்ஸ் செட்டிங் உங்களிடம் 'அக்செப்ட்' என்று இருக்கிறது போல. கையொப்பம் போடுபவர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அனுப்பு என்று அதற்கு அர்த்தம். 'டெம்ப்ஃபெயில்' என்று மாற்றுங்கள். டிகிம் நின்றால் மெயிலும் நிற்கும், உங்களுக்கும் உடனே தெரியும்.

கேள்வி: அண்ணை, எங்கட கந்தோரில ஒரு பழைய ஸ்கேனர். ஸ்கேன் பண்ணினதை மெயிலில அனுப்பும். இப்ப அனுப்புதில்லை. லாகில 'அன்சப்போர்ட்டட் புரோட்டோகால்' எண்டு வருது.

பதில்: அதற்கு டிஎல்எஸ் (இணைப்பில் போவதை மறைத்து அனுப்பும் முறை) 1.0 மட்டும்தான் தெரியும் போல. புது சர்வர் 1.2-க்குக் கீழே இறங்காது. அதற்காக சர்வர் முழுவதன் பாதுகாப்பையும் இறக்காதீர்கள். ஸ்கேனருக்கு நிலையான ஐபி கொடுத்து, அந்த ஒரு ஐபியை மட்டும் 'மை நெட்வொர்க்ஸ்'இல் சேர்த்து, உள் நெட்வொர்க்கிலேயே டிஎல்எஸ் இல்லாமல் அனுப்ப விடுங்கள்.

கேள்வி: கியூவில் 1,400 மெயில் தேங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் டிலீட் செய்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?

பதில்: தயவுசெய்து தொடாதீர்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் உங்கள் சர்வரை நம்பிக் கொடுத்தது. தேக்கத்தின் காரணத்தைச் சரிசெய்து, பிறகு 'போஸ்ட்கியூ'வை மைனஸ் எஃப்போடு ஓட்டுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் நாங்கள் இரண்டு சர்வர்களை மாற்றப்போகிறோம். முன்கூட்டியே என்ன செய்ய வேண்டும், சார்?

பதில்: அப்கிரேடுக்கு முன் போஸ்ட்ஃபிக்ஸில் 'சாஃப்ட் பவுன்ஸ்' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். யூசர் பட்டியலைப் படிக்க முடியாமல் 'இப்படி ஒருவர் இல்லை' என்று தவறாகச் சொல்ல நேர்ந்தாலும் அது நிரந்தர மறுப்பாகப் போகாது, 5-இல் தொடங்குவது 4 ஆகிவிடும். எல்லாம் சரியான பிறகு மறக்காமல் 'நோ' ஆக்குங்கள். டவ்கான்ஃப் மைனஸ் என் கொடுத்து, வரும் வெளியீட்டை வேறொரு கணினியில் சேமியுங்கள்.

இரண்டு சர்வர் என்கிறீர்கள். டவ்காட்டின் ரெப்ளிகேஷன் மூலம் ஒன்றுக்கொன்று நகல் எடுத்துக்கொண்டிருக்கின்றனவா? அப்படியானால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். அந்த வசதியே 2.4-இல் நீக்கப்பட்டுவிட்டது. மாற்று ஏற்பாட்டைச் சோதித்த பிறகே கை வைக்கலாம்.