கர்ப்பப்பைப் புற்றுநோய்: துளை போட்டுச் செய்வதா, வயிற்றைத் திறப்பதா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. மாதவிடாய் நின்று பல வருடம் கழித்து ரத்தப்போக்கு வந்தது. பயாப்சியில் கர்ப்பப்பையின் உள்வரியில் புற்றுநோய், கிரேடு 1 என்று வந்திருக்கிறது. எம்ஆர்ஐ பார்த்தவரை கர்ப்பப்பையைத் தாண்டவில்லை. எடை 94 கிலோ, சர்க்கரையும் உண்டு. டாக்டர் லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் ஆபரேஷன் என்கிறார். சொந்தக்காரர்களோ, 'கேன்சர் என்றால் திறந்து பார்த்துத்தான் எடுக்கணும்' என்கிறார்கள். துளை போட்டுச் செய்தால் நோய் திரும்பும் என்று ஒரு செய்தியும் படித்தேன். என்ன செய்வது?

பதில்: நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால், உங்கள் டாக்டர் பக்கம்தான் நான்.

முதலில் அந்தச் செய்தி. 2018இல் வந்த ஓர் ஆய்வில், துளை போட்டுச் செய்தவர்களுக்கு நோய் திரும்புவது கூடுதலாக இருந்தது உண்மை. ஆனால் அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றியது. அம்மாவுக்கு வந்திருப்பது வேறு நோய், அறுவை சிகிச்சையும் வேறு. அந்த முடிவை இதற்குப் பொருத்தக் கூடாது.

உள்வரிப் புற்றுநோய்க்கெனத் தனியாகவே பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2,600க்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த எல்ஏபி-2 ஆய்வில், ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் இரண்டு பிரிவிலும் 89.8 சதவீதம். மூன்றாண்டுக்குள் நோய் திரும்பியது லேப்ராஸ்கோபியில் 11.4, திறந்த முறையில் 10.2 சதவீதம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹாங்காங்கில் 760 பெண்களிடம் நடந்த லேஸ் ஆய்வு 2017இல் வெளியானது. நாலரை ஆண்டில் நோயில்லாமல் இருந்தவர்கள் லேப்ராஸ்கோபியில் 81.6, திறந்த முறையில் 81.3 சதவீதம். நோயைப் பொறுத்தவரை இரண்டு வழியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வித்தியாசம் ஆபரேஷனுக்குப் பிறகு தெரியும். எல்ஏபி-2இல் நடுத்தர, கடுமையான சிக்கல்கள் லேப்ராஸ்கோபியில் 14 சதவீதம், திறந்ததில் 21. இரண்டு நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருக்க நேர்ந்தவர்கள் லேப்ராஸ்கோபியில் 52, திறந்ததில் 94 சதவீதம். சர்க்கரையும் எடையும் உள்ளவர்களுக்கு வயிற்றில் நீளமாகக் கீறினால் தையல் பிரிவது, சீழ் பிடிப்பது, பின்னாளில் அந்த இடத்தில் குடலிறக்கம் வருவது எல்லாம் அதிகம். 'குண்டான உடம்பு, திறந்தே செய்துவிடலாம்' என்று சொல்வார்கள். என்னைக் கேட்டால், அந்த உடம்புக்குத்தான் துளை முறையால் லாபம் அதிகம்.

ஆனால் சிரமமும் அங்கேதான். தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்து, வயிற்றில் வாயு நிரப்பிச் செய்ய வேண்டும். அதை இதயமும் நுரையீரலும் தாங்குமா என்று மயக்க மருந்து டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். எல்ஏபி-2இல் லேப்ராஸ்கோபியாகத் தொடங்கியதில் நாலில் ஒன்று திறந்த முறைக்கு மாறியது. எடை கூடக்கூட மாறுவதும் கூடியது. அது 1996 முதல் 2005 வரையிலான காலம். இன்று பழகிய கைகளில் அவ்வளவு இல்லை. எப்படியும் ஒப்புதல் படிவத்தில் 'தேவைப்பட்டால் திறப்போம்' என்று இருக்கும். பயப்படாமல் கையெழுத்துப் போடுங்கள். நடுவில் மாற்றினால் அது தோல்வி அல்ல, டாக்டரின் நிதானம்.

டாக்டரிடம் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். கர்ப்பப்பையை முழுசாகப் பிறப்புறுப்பு வழியாக எடுப்பீர்களா? உள்ளேயே துண்டு போட்டு எடுத்தால் புற்றணுக்கள் சிதறும். முழுசாக வராத அளவு பெரிதாக இருந்தால் திறப்பதே மேல். அப்புறம், பச்சைச் சாயம் செலுத்தி, புற்றணு பரவினால் முதலில் போய்ச் சேரும் நெறிகட்டிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் வசதி உண்டா? அது இருந்தால் நிறைய நெறிகட்டிகளை எடுக்க வேண்டியிருக்காது, கால் வீக்கமும் குறையும்.

ரோபோ கருவியால் துளை போட்டுச் செய்வது பற்றிக் கேட்காமலேயே யாராவது சொல்வார்கள். நல்ல கருவிதான், அதிலும் பருமனானவர்களுக்கு வசதி. ஆனால் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

கதிர்வீச்சு தேவையா என்பதை எப்படி ஆபரேஷன் செய்தார்கள் என்பது தீர்மானிக்காது, எடுத்த உறுப்பின் பரிசோதனை முடிவுதான் சொல்லும். அதுவரை சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறுவதாக இருந்தால் பயாப்சி ஸ்லைடுகளையும் பிளாக்கையும் (திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி) கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.