தம்பியின் அலகசாம்

கேள்வி:

எனக்கு 37 வயது. டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவில் வளர்ந்தேன். 1999இல் எனக்கு 11, தம்பிக்கு 8. வீட்டில் ஒரு கேம் பாய் (கையில் வைத்து ஆடும் வீடியோ கேம் பெட்டி), அதில் போட்டு ஆட ஒரே ஒரு கேம், போக்கிமான் ரெட். போக்கிமான் என்ற விசித்திரப் பிராணிகளைப் பிடித்து வளர்க்கும் ஆட்டம் அது. தேடிப் பார்க்க எங்களிடம் இணையம் இல்லை. பள்ளியில் யார் என்ன சொன்னாலும் அதுதான் வேதம். கேமில் வரும் துறைமுகத்தில் நிற்கும் லொறிக்கு அடியில் மியூ என்ற அபூர்வப் போக்கிமான் ஒளிந்திருக்கிறது என்று ஒருவன் சொல்ல, ஒரு வாரம் முழுக்க அந்த லொறியையே சுற்றி வந்தோம். ஒரு மண்ணும் இல்லை.

தம்பி கடாப்ரா என்ற போக்கிமானை வளர்த்தான். அது தானாக அதன் அடுத்த வடிவமான அலகசாம் ஆகாது. கேபிள் போட்டு இன்னொருவருடைய கேமுக்கு அனுப்பினால்தான் ஆகும். சித்தப்பா மகனிடம் அதே ஆட்டத்தின் இன்னொரு பதிப்பான ப்ளூ இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அதை அனுப்பித் திருப்பி வாங்கினார்கள். அன்று சாப்பிடக்கூடத் தம்பி எழும்பவில்லை.

அடுத்த வாரம் என் முறை வந்தபோது அவன் கேமைத் தரவில்லை. அவன் தூங்கியதும் புது ஆட்டம் தொடங்கி சேவ் செய்தேன். அதில் ஒரு சேவுக்குத்தான் இடம். பழையது அழியும், பரவாயில்லையா என்று அதுவே கேட்டது. ‘யெஸ்’ அழுத்தினேன். காலையில், “தானா அழிஞ்சிட்டுது” என்றேன். நம்பினான்.

போன மாதம் அம்மா வீட்டு பேஸ்மென்ட்டில் அந்த கேம் கிடைத்தது. போட்டுப் பார்த்தால், சேவ் இருந்தால் வரும் ‘கன்டினியூ’ என்ற சொல்லே வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தம்பிக்கும் எனக்கும் இப்போது பிறந்தநாள் மெசேஜ் மட்டும்தான். ஒரு விளையாட்டுக்காக யாராவது இப்படி அழுவார்களா?

– ஓர் அக்கா

பதில்:

அன்புள்ள சகோதரி,

தாராளமாக அழலாம். ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லை 1688இல் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் உருவாக்கியபோது அது ஊர் ஏக்கத்தால் வரும் நோயின் பெயர். இன்று யாரும் அதை நோயாகப் பார்ப்பதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ஏக்கத்தைவிட அந்தப் பொய்தான் அதிகம் உறுத்துகிறது.

அந்த கேமுக்குள் நாணயம் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். சேவ் நிற்பது அதை நம்பித்தான். அது தீர்ந்தால் எல்லாம் போய்விடும். நீங்கள் தொடாமல் விட்டிருந்தாலும் அலகசாம் இன்று இருந்திருக்காது. இதைத் தம்பியிடம் ஒரு சாக்காகச் சொல்லிவிடாதீர்கள். அவர் அதை இழந்தது எட்டு வயதில், அந்தக் காலையில்.

11 வயதுக் கோபத்துக்கு இத்தனை வருட உறுத்தல் போதும். மெசேஜ் வேண்டாம், போன் எடுத்துப் பேசுங்கள். பேட்டரி கதையில் தொடங்காமல், ‘யெஸ்’ அழுத்தியது நான்தான் என்று தொடங்குங்கள். அவர் சிரிக்கலாம். “எனக்கு அப்பவே தெரியும்” என்றும் சொல்லலாம் (தம்பிமார் பல விஷயங்களைத் தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பார்கள்). கோபப்பட்டால், ‘சின்னப் பிள்ளை விளையாட்டுத்தானே’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அப்புறம், பழைய கேம் திருத்துபவர்களிடம் கொடுத்தால் பேட்டரியை மாற்றித் தருவார்கள். பழைய சேவ் திரும்பாது, புதியது நிற்கும். ஆனால் சொல்வதற்கு முன் அதைக் கையில் கொடுத்தால் லஞ்சம் மாதிரி ஆகிவிடும். பேசி முடித்த பிறகு கொண்டுபோங்கள். ஆட்டத்தின் தொடக்கத்தில் பேராசிரியர் ஓக்கின் மேசையில் ஆளுக்கொரு போக்கிமானை அடைத்த மூன்று பந்துகள் இருக்குமே, அதில் எது என்பதை இந்த முறை தம்பியே எடுக்கட்டும்.