நட்சத்திர வீரர் அணியை விட்டுப் போனால்?

கேள்வி: பல ஆண்டுகளாக நான் ஆதரித்து வரும் பேஸ்பால் அணியின் நட்சத்திர வீரருக்கு இந்த சீசனுடன் ஒப்பந்தம் முடிகிறது. புதிய ஒப்பந்தத்துக்கான பேச்சு முறிந்துவிட்டதாகச் செய்தி வந்ததிலிருந்து ஆட்டம் பார்க்கவே மனம் வரவில்லை. தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய எங்களை விட்டுவிட்டு, கூடுதல் பணத்துக்காக அவர் போய்விடுவாரா? போனால் எப்படி மன்னிப்பது?
(அமெரிக்காவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பேச்சு முறிந்தது என்ற செய்தியை வைத்து வீரர் போய்விட்டதாகவே முடிவுகட்டிவிடாதீர்கள். 2022 ஏப்ரலில் நியூயார்க் யாங்கீஸ் அணி தன் நட்சத்திர வீரர் ஆரன் ஜட்ஜுக்கு 7 ஆண்டுகளுக்கு 21 கோடியே 35 லட்சம் டாலர் தர முன்வந்தது, அவர் ஏற்கவில்லை. பொது மேலாளர் பிரையன் கேஷ்மேன் அந்தத் தொகையைச் செய்தியாளர்களிடமே சொல்லிவிட்டார். அந்த சீசனில் ஜட்ஜ் 62 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்து, அமெரிக்க பேஸ்பாலின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் சாதனையை முறியடித்தார்; டிசம்பரில் அதே யாங்கீஸுடன் 9 ஆண்டுகளுக்கு 36 கோடி டாலருக்கு ஒப்பந்தமானார். பேச்சு நடக்கும்போது தொகையை ஊரறியச் சொல்வது எனக்கு உவப்பானதல்ல. எத்தனை ஆண்டுகள், அதில் எவ்வளவு பணம் பிற்காலத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது என்பதையெல்லாம் பார்க்காமல், ஒற்றை எண்ணைக் கேட்டதுமே வீரரைப் பேராசைக்காரர் என்று பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஆனால் அவர் போய்விடவும் கூடும். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ரசிகர்கள் 2011இல் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கலாம். அவர்களுடைய நட்சத்திரம் ஆல்பர்ட் புஹோல்ஸ் அங்கே 11 சீசன் ஆடி, மூன்று முறை மிக மதிப்புமிக்க வீரர் விருதை வென்றிருந்தார். பயிற்சி முகாம் தொடங்குவதற்குள் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகவேண்டும் என்று அவர் விதித்த கெடு கடந்துபோனது. அவ்வாண்டு வேர்ல்ட் சீரிஸ் எனும் இறுதிக் கோப்பைத் தொடரின் ஓர் ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்தார்; அணி கோப்பையை வென்றது; டிசம்பரில் அவர் 10 ஆண்டுகளுக்கு 24 கோடி டாலருக்கு ஏஞ்சல்ஸ் அணிக்குப் போய்விட்டார்.

இந்தப் போகும் உரிமை எப்படி வந்தது என்பதை நீங்கள் அறியவேண்டும். அதே கார்டினல்ஸ் அணியில் 12 சீசன் ஆடிய கர்ட் ஃபிளட் என்பவரை, 1969இல் நிர்வாகம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பிலடெல்பியா அணிக்குக் கைமாற்றியது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரர் அணிக்கே கட்டுப்பட்டவர் என்பது அன்றைய விதி. ஃபிளட் போக மறுத்து வழக்குத் தொடுத்தார். 1972இல் உச்ச நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கையும் முடிந்துபோயிருந்தது. 1975இல் வேறு இரு வீரர்களின் வழக்கில், தகராறு தீர்க்க அமர்த்தப்பட்ட நடுவர் பீட்டர் சைட்ஸ் அளித்த தீர்ப்பே வீரர்களை விடுவித்தது. இன்றும் மேஜர் லீக் எனும் உயர்மட்டத்தில் ஆறு ஆண்டு சேவை முடிந்த பிறகுதான் ஒருவர் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது விரும்பிய அணியில் சேரக்கூடியவர், ஆக முடியும். அமெரிக்கக் கல்லூரிகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் வரும் வீரர்களை, டிராஃப்ட் எனும் முறைப்படி அணிகள்தான் தேர்ந்தெடுக்கின்றன. வீரருக்கு அதில் தேர்வு இல்லை. தம் வாழ்வில் முதன்முறையாக எங்கே ஆடுவது என்று தாமே முடிவெடுக்கும் ஒருவரைத் துரோகி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்காக நீங்கள் வருந்தக் கூடாது என்று சொல்லமாட்டேன். செயின்ட் லூயிஸும் வருந்தியது, கோபப்பட்டது. 2019 ஜூனில், போன பிறகு முதன்முறையாகப் புஹோல்ஸ் அங்கே எதிரணி உடையில் மட்டையுடன் வந்தபோது அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. பழைய தோழரான கார்டினல்ஸின் கேட்ச்சர் (மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) யாடியர் மொலீனா, கைதட்டல் நீடிக்கட்டும் என்று, மட்டையாளர் அருகில் நின்று ஆடும் ஹோம் பிளேட்டுக்கு முன்னால் வந்து நின்று, பிறகு அவரைக் கட்டித் தழுவினார். மன்னிப்புக்கு அந்த ஊருக்கே ஏழெட்டு ஆண்டுகள் பிடித்திருக்கும்போது, வீரர் இன்னும் போகாத நிலையில் நீங்கள் அதைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டியதில்லை. இந்த சீசனின் ஆட்டங்களைத் தவறவிடாதீர்கள். அவர் இன்னும் உங்கள் அணியின் வீரர்தான்.

கேள்வி: அப்படியானால் கோபப்பட வேண்டியது அணி நிர்வாகத்தின் மீதுதானா?
(அதே வாசகர்)

பதில்: ஓரளவுக்கு. பேஸ்பாலில் மொத்தச் சம்பளத்துக்குக் கடுமையான உச்சவரம்பு கிடையாது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கூடுதல் வரிதான். எனவே “எங்களால் முடியாது” என்று ஓர் உரிமையாளர் சொன்னால், அதைப் பெரும்பாலும் “எங்களுக்கு விருப்பமில்லை” என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நீண்ட ஒப்பந்தத்துக்குத் தயங்குவது எப்போதும் கஞ்சத்தனமாகாது. புஹோல்ஸ் இருந்த காலத்தில் ஏஞ்சல்ஸ் ஒரே ஒரு முறை, 2014இல், சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்குப் போய் ஓர் ஆட்டமும் வெல்லாமல் திரும்பியது. ஒப்பந்தம் முடியும் முன்பே, 2021 மே மாதத்தில், அவரை விடுவித்தது. அவரை இழந்ததற்கு ஈடாகக் கிடைத்த டிராஃப்ட் வாய்ப்பில் கார்டினல்ஸ் 2012இல் மைக்கேல் வாக்கா என்ற பிட்ச்சரை (பந்து வீசுபவரை) தேர்ந்தெடுத்தது. மறு ஆண்டே அவர், மற்றொரு பிரிவான நேஷனல் லீக்கின் இறுதித் தொடரின் சிறந்த வீரராக விளங்கி, அணியை வேர்ல்ட் சீரிஸுக்கு அழைத்துச் சென்றார்.