கார்ல்ஸ்பாட் குகையை வழிகாட்டி இல்லாமல் சுற்றிப் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள இந்தக் குகையின் 'பிக் ரூம்' என்ற பெரிய கூடத்தை நாமாகவே சுற்றலாம். சுமார் 2 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். நுழைவு நேரத்தை முன்பதிவு செய்துவிடுங்கள். ஆனால் 'கிங்ஸ் பேலஸ்' பகுதிக்கு ரேஞ்சர் எனப்படும் பூங்கா அலுவலருடன்தான் போக முடியும்.

முழங்கால் ஒத்துழைத்தால் லிஃப்டை விட்டுவிட்டு இயற்கை வாசல் வழியாக இறங்குங்கள். சுமார் 230 மீட்டர் ஆழத்துக்கு வளைந்து வளைந்து போகும் பாதை. பகல் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதை அங்கேதான் பார்க்கலாம். ஈரத்தில் வழுக்கும், பிடிமானமுள்ள ஷூ அவசியம். ஆனால் வேறு குகைக்குப் போட்டுப் போன ஷூ வேண்டாம். வௌவால்களைக் கொல்லும் பூஞ்சை அதில் ஒட்டி வரலாம். உள்ளே 13 டிகிரிதான், அதனால் ஒரு ஸ்வெட்டர். குடிக்கத் தண்ணீர் மட்டும் அனுமதி, சூயிங்கம்கூடக் கூடாது.