கம்பத்து நம்பர் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். வேலை சிறுசேரியில். போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு கேமரா வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேடு, ராயபுரம், எம்.சி. ரோடு என்று சும்மா சுற்றி எதையாவது எடுத்துக்கொண்டு வருவேன். ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாமே யாரோ ஏற்கெனவே எடுத்த படமாகத்தான் இருக்கிறது. இன்ஸ்டாவில் போட்டாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. ஊர் பழகிப்போனதால் கண் மரத்துவிட்டதா? காசி, லடாக் என்று எங்காவது போனால்தான் கண் திறக்குமா? 50 எம்எம் லென்ஸ் ஒன்று வாங்கலாம் என்றும் யோசனை. போன வாரம் மீன் விற்கும் அம்மா ஒருவர் "எதுக்கு எடுக்குற?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன். வீட்டில் அம்மாவும் "நம்ம தெருவுல என்னத்த இருக்குன்னு இதைத் தூக்கிட்டுத் திரியுற" என்கிறார். சில படங்களை இணைத்திருக்கிறேன்.

க., தண்டையார்பேட்டை

அன்புள்ள க.,

லென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். கேமராவோடு வந்த 18-55 உங்களுக்கு இன்னும் ஐந்து வருஷம் தாங்கும். 50 வாங்கியவர்கள் எல்லாரும் அதில் வெளிச்சம் நுழைகிற துளையை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் பளிச்சென்று நிறுத்தி, பின்னால் இருப்பதையெல்லாம் பஞ்சாக்கிவிடுகிறார்கள். அந்தப் பஞ்சுதான் எனக்கு ஆகாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

காசி, லடாக் எல்லாம் போங்கள், நல்ல ஊர்கள்தான், யார் வேண்டாம் என்றது. ஆனால் காசிமேட்டில் வராத கண் காசியில் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு டிக்கெட் போடாதீர்கள். அங்கேயும் சாமியார், படகு, பனிமூட்டம் என்று யாரோ ஏற்கெனவே எடுத்ததைத்தான் எடுத்துக்கொண்டு வருவீர்கள், செலவு கூடுதலாக. இன்ஸ்டா பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்துக்கு உடனே உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் வேறு. போன மாதம் ஒருவர் வடசென்னைப் படங்கள் என்று ஒரு தொகுப்பை அனுப்பி முன்னுரை கேட்டிருந்தார். எல்லாம் கறுப்பு வெள்ளை. சுருக்கம் விழுந்த கிழவர் முகம், கேரம் ஸ்டிரைக்கரை வைத்திருக்கும் விரல், குத்துச்சண்டைக் கையுறை, கடலில் குதிக்கும் பையன், வலை பின்னும் கை, மறுபடியும் சுருக்கம் விழுந்த கிழவர். ஒரு படத்தில்கூட இது எந்தத் தெரு என்று தெரியவில்லை. ஒருவர் பெயர்கூட இல்லை. திருப்பி அனுப்பிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான், என்ன செய்வது.

நம்ம ஊரைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பவர்களிடம் ஒன்று கேட்கவேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை. ஏன்பா, உங்களுக்குக் கண் தெரிகிறதா? கிளிப்பச்சையில் சுவர், ராணி கலரில் கதவு, படகுக்குப் படகு வேறு பெயிண்ட், நீலப் பிளாஸ்டிக் டப்பில் சிவப்புச் சங்கரா, அதன் மேல் ஐஸ் பொடி. இவ்வளவு வண்ணத்தையும் உருவி எடுத்துவிட்டால்தான் ஏழ்மை தெரியும் என்று யார் சொல்லிக்கொடுத்தது? ஏழ்மை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஏழைகள் கலர் பார்த்துத்தான் சேலை எடுக்கிறார்கள், எம்.சி. ரோட்டில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

காசிமேட்டில் வலை பின்னுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஞாயிறு காலை ஏழெட்டுப் பேர் அவரைச் சுற்றி நின்று எடுக்கிறார்கள். இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் வரும் என்று அவரே சொல்கிறார். "இந்தாண்ட வா, அங்க நின்னா மூஞ்சி இருட்டா வரும்." நான் காதால் கேட்டது. இவரைத்தான் நீங்களும் எடுத்திருக்கிறீர்கள், மூன்றாவது படம். ஏற்கெனவே யாரோ எடுத்த படம் மாதிரி இருக்காமல் வேறு எப்படி இருக்கும்?

அந்த மீன்கார அம்மா விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே சரியான கேள்வி அவருடையதுதான். அதை ஏதோ அவமானம் போல எழுதியிருக்கிறீர்கள். அவர் எடுக்காதே என்று சொல்லவில்லையே, எதற்கு என்றுதானே கேட்டார். "நான் தண்டையார்பேட்டைதாம்மா, இன்ன தெரு, நம்ம பக்கத்தைப் படம் பிடிச்சு வெக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் போதும். இன்ன தெருவா, அங்கே இன்னாரைத் தெரியுமா என்று ஆரம்பித்து அரை மணி நேரம் விட்டிருக்கமாட்டார். அரைக் கிலோ மீனாவது வாங்கியிருக்கலாம் நீங்கள். சொந்த ஊரில் டூரிஸ்ட் மாதிரி திருதிருவென்று விழித்துக்கொண்டு ஓடிவந்தால் கண் எப்படித் திறக்கும்?

சரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். பஞ்சு ஏன் ஆகாது என்று சொல்கிறேன்.

என் ஆயா வீடு திருவொற்றியூருக்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றில் இருந்தது. இருந்தது என்றால், அந்த வீடு மட்டும் இல்லை, அந்தத் தெருவே இப்போது இல்லை. கடல் எடுத்துக்கொண்டது. நம்ம கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, அலையோடு நகர்ந்துகொண்டே இருக்கும். வருஷத்துக்குக் கூட்டிக்கழித்துப் பார்த்தால் அது தெற்கிலிருந்து வடக்கே போகிறது. 1875 கடைசியில் அடிக்கல் நாட்டிக் கட்டத் தொடங்கிய துறைமுகச் சுவர் அந்த மணலை மறித்துக்கொண்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாகிக்கொண்டே போனது. வடக்கே வரவேண்டியது வராததால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் உள்ளே வந்தது. மெரினாவில் நாம் சுண்டல் தின்றுகொண்டு நடக்கிற மணலில் எங்கள் ஆயா வீட்டு வாசலும் கொஞ்சம் இருக்கிறது என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு. இப்போது அந்த இடத்தில் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தெருவுக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு படம். என் மாமா கல்யாணத்துக்கு வண்ணாரப்பேட்டை ஸ்டூடியோவிலிருந்து வந்த போட்டோகிராபர் எடுத்தது. மாலையோடு மாமா நிற்கிறார், முறைத்துக்கொண்டு. அந்தக் காலத்தில் மாப்பிள்ளை சிரிக்கக்கூடாது. அவர் இடது தோளுக்குப் பின்னால் ஒரு கூரையின் ஓரம், அதற்கடியில் தலைகீழாகச் சாய்த்து வைத்த துடுப்பு, அப்புறம் ஒரு மின்கம்பம். கம்பத்தில் கறுப்புப் பட்டை அடித்து வெள்ளையில் நம்பர் எழுதியிருக்கிறது. முதல் எழுத்து மாலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது, மற்ற இரண்டும் தெரிகின்றன. வீட்டில் விசேஷம் என்று நாலு பேர் கூடினால் இந்தப் படம் வெளியே வரும். மாமாவை யாரும் பார்க்கமாட்டார்கள். கம்பத்தைத்தான் பார்ப்பார்கள். இது எந்தக் கம்பம், மாரியம்மன் கோயில் முனையில் இருந்ததா, ஐஸ் டிப்போ பக்கமா, அப்படியென்றால் நம்ம வீடு எங்கே, கிணறு எங்கே. பெரியம்மா ஒன்று சொல்வார், சித்தப்பா அடித்துப் பேசுவார். அந்த போட்டோகிராபர் மட்டும் இப்போதைய ஆட்களைப் போல லென்ஸைத் திறந்து வைத்துப் பின்னணியைப் பஞ்சாக்கியிருந்தால் எங்களுக்குச் சண்டை போடக்கூட ஒரு கம்பம் இருந்திருக்காது.

இதனால்தான் சொல்கிறேன், துளையைச் சுருக்குங்கள். எஃப் 8, எஃப் 11, எண் ஏற ஏறத் துளை சின்னதாகும். வெயிலுக்கா நம்ம ஊரில் பஞ்சம்? முன்னால் நிற்பவரும் தெரியட்டும், பின்னால் இருக்கும் கடை போர்டும் தெரியட்டும். எந்தப் படத்திலும் நகராத ஒன்று இருக்கவேண்டும். கம்பம், கோயில் மதில், ரேஷன் கடை, தெருப் பெயர்ப் பலகை, ஏதாவது. படகை எடுத்தால் மூக்கில் எழுதியிருக்கிற பதிவெண்ணோடு எடுங்கள். போர்டு வந்தால் அழகு கெடுகிறது என்று வெட்டிவிடுகிறீர்கள், உங்கள் படங்களிலேயே தெரிகிறது, ஐந்தாவது படத்தில் போர்டின் கால் மட்டும் இருக்கிறது. அழகு கெடட்டும்.

நம்மிடம் இருப்பதெல்லாம் நடந்து முடிந்ததற்கு அப்புறம் எடுத்த படங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படர்ந்ததே, படகும் வலையும் கறுப்பாக நின்ற படங்களை ஊரே பார்த்தது. எடுத்தவர்கள் எடுத்தது ரொம்பச் சரி, அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கு முந்தின நவம்பரில், ஒன்றுமே நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை, அதே கரை எப்படி இருந்தது, தண்ணீர் எந்த மட்டத்தில், அலையாத்திச் செடி எவ்வளவு உயரம், படகுக்கு என்ன பெயிண்ட் என்று காட்ட ஒரு படம் தேடினால் சிக்குவதில்லை. மெட்ரோவும் அப்படித்தான். 2021 பிப்ரவரி 14 அன்று விம்கோ நகர் வரை ரயில் ஓடத் தொடங்கியது. தூண் எழும்பிய படம், முதல் ரயில் படம், ட்ரோனில் எடுத்த படம் எல்லாம் வண்டி வண்டியாக இருக்கின்றன. தூண் வருவதற்கு முன்னால் டோல்கேட்டில் நின்று வடக்கே பார்த்தால் திருவொற்றியூர் நெடுஞ்சாலை எப்படித் தெரிந்தது? காலடிப்பேட்டையில் எந்தக் கடையின் பந்தல் எதுவரை நீண்டிருந்தது? தினம் அந்த வழியாகப் போனவர்கள் கையில் போன் இருந்தது, கேமரா இருந்தது, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு சூரியோதயம் எடுக்கக் கடலுக்குப் போய்விட்டார்கள்.

பெரம்பூரில் இருந்த பின்னி துணி மில்லைச் சொல்லாமல் விட்டால் என் அப்பாவின் கூட்டாளிகள் சும்மா விடமாட்டார்கள். 1918இல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படுகிற சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதே அந்த மில்லை வைத்துத்தான். சங்கத்தை முன்னின்று நடத்திய வாடியா, திரு.வி.க. படங்கள் புத்தகத்துக்குப் புத்தகம் வருகின்றன. மில்லையே 1996இல் மூடிவிட்டார்கள், இப்போது அங்கே அடுக்குமாடிகள். எனக்கு வேண்டியது கூட்டமோ ஊர்வலமோ இல்லை, ஷிப்டு விட்டு அத்தனை பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டி வருகிற ஒரு சாதாரண மாலை. நான் தேடிய இடத்தில் எங்கேயும் இல்லை. தினம் நடக்கிறதை எவன் எடுப்பான் என்று இருந்திருக்கிறார்கள். நியாயம்தான், அன்றைக்குப் பிலிம் விலை அப்படி. உங்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

உங்கள் அம்மா கேட்டதும் நீங்கள் நினைக்கிற மாதிரி கேலி இல்லை. "என்னத்த இருக்கு" என்று கேட்டவரையே கூட்டிக்கொண்டு தெருவில் ஒரு தடவை நடந்துவாருங்கள். கேமராவை வெளியே எடுக்கவேண்டாம். எந்த வீட்டில் முன்னால் திண்ணை இருந்தது, எங்கே அடி பம்பு இருந்தது, லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை எந்த முனை வரைக்கும் போகும், எந்த வரிசையில் அவருக்கும் யாருக்கும் சண்டை வந்தது என்று சொல்லிக்கொண்டே வருவார். அடுத்த நாள் அந்த இடங்களைப் போய் எடுங்கள். இப்போது அங்கே பைக் நிற்கும், சின்டெக்ஸ் டேங்க் நிற்கும், அதையும் சேர்த்துத்தான். இஸ்திரி வண்டிக்காரரை அவர் வண்டி வழக்கமாக நிற்கிற சுவரோடு எடுங்கள். ராயபுரம் ஸ்டேஷனுக்குப் போனால் எல்லாரும் 1856இல் கட்டிய அந்தத் தூண்களை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தூண்கள் எங்கேயும் போகாது, எதிரே ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தை எடுங்கள்.

காசிமேட்டுக்கும் போகவேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் வரத்து குறைவு என்பதால் கேமராக்காரர்களும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். படகுகளைக் கரையில் ஏற்றிப் பலகை மாற்றுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள், பழைய பெயரைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயர் எழுதுவார்கள். யாருக்கும் அவசரம் இருக்காது, பேசுவார்கள். அப்போது போங்கள். துறைமுக வேலிக்குள் மட்டும் கேமராவை நீட்டாதீர்கள், வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

அப்புறம் தேதி. செகண்ட் ஹேண்ட் கேமரா என்கிறீர்கள், முதலில் மெனுவுக்குள் போய் அதன் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி செத்திருந்தால், பெரிய பேட்டரியைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படத்துக்குள் இருக்கிற தேதி விவரமும் உதிர்ந்துவிடும். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டு நாள், தெரு, யார், பின்னால் என்ன கடை என்று எழுதிவையுங்கள். இதைச் செய்யச் சோம்பல்பட்டால் எடுக்கவே வேண்டாம். கடல் காற்றில் சுற்றிவிட்டு வந்தால் லென்ஸைத் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். நம்ம பக்கத்துப் பிசுபிசுப்பில் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.

நீங்கள் அனுப்பிய நாலாவது படத்தில், அந்தப் பாட்டியின் காதுக்குப் பின்னால் மங்கலாக ஒரு சைக்கிள் கடை தெரிகிறது. வாசலில் டயர்கள் தொங்குகின்றன, போர்டில் பாதி பெயர் அழிந்திருக்கிறது. ஜீவரத்தினம் நகர்ப் பக்கமா? அங்கே வாடகைச் சைக்கிள் எடுத்த ஞாபகம் எனக்கு இருக்கிறது. அடுத்த ஞாயிறு போய் எதிரே நின்று போர்டு முழுசாகத் தெரிய ஒன்று எடுத்து அனுப்புங்கள். கடை யாருடையது, எப்போதிலிருந்து இருக்கிறது என்றும் கேட்டு எழுதுங்கள்.