ஸ்பானிஷில் 'சாப்பிடாதே' சொல்வது எப்படி? கேள்வி பதில்

கே: 'கொமெ' என்றால் 'சாப்பிடு'. முன்னால் ஒரு 'நோ' போட்டால் 'சாப்பிடாதே' ஆகிவிடாதா?

ஆகாது. வலென்சியாவில் நான் குடியிருந்தபோது, வீட்டுக்கார அம்மாவின் நாய் ஒருநாள் என் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. 'நோ கொமெ, நோ கொமெ' என்று கத்தினேன். அந்த அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, 'சாப்பிடுமே, நன்றாகச் சாப்பிடுமே' என்றார். 'நோ கொமெ' என்றால் 'அது சாப்பிடுவதில்லை' என்றுதான் பொருள். நாயிடம் சொல்ல வேண்டியது 'நோ கொமாஸ்'.

நமக்கு இது புதிதா என்ன? தமிழிலும் 'இல்லை போ' என்று யாரையும் தடுக்க முடியாது. 'போகாதே' என்று வினையே மாற வேண்டும்.

கே: சரி, எப்படி மாற்றுவது?

'நான்' என்பதற்குரிய நிகழ்கால வடிவத்தை எடுங்கள். கடைசி 'ஓ'வை வெட்டுங்கள். 'ஆர்' என முடியும் வினைக்கு 'எஸ்', 'எர்', 'இர்' என முடிபவைக்கு 'ஆஸ்' சேருங்கள். ஆப்லார் (பேச), ஆப்லோ, நோ ஆப்லெஸ். தெசிர் (சொல்ல), திகோ, நோ திகாஸ். தெனெர் (வைத்திருக்க) வினைக்கு 'தெங்கோ'. அதிலிருந்து 'நோ தெங்காஸ் மியெதோ', அதாவது பயப்படாதே.

'நான்' வடிவத்தை ஏன் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றால், ஒழுங்கற்ற வினைகளில் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். 'வா' என்பது 'பென்', 'வராதே' என்பது 'நோ பெங்காஸ்'. கேட்டால் இரண்டும் வேறு வேறு வினை போல இருக்கும். 'பெங்கோ' (வருகிறேன்) தெரிந்தவருக்கு அந்தக் குழப்பமே இல்லை.

இதற்கு அடங்காதவை சில உண்டு: நோ பாயாஸ் (போகாதே), நோ செயாஸ் (இப்படி இருக்காதே, குணத்தைச் சொல்லும்போது), நோ எஸ்தேஸ் (நிலையைச் சொல்லும்போது), நோ தெஸ் (கொடுக்காதே). இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

கே: தொக்கார் (தொட), 'நோ தொக்கெஸ்' (தொடாதே) ஆகும்போது எழுத்து ஏன் மாறுகிறது?

ஒலியைக் காப்பாற்ற. 'e' எழுத்துக்கு முன் 'c' வந்தால் 'க' ஒலி போய்விடும். அதனால் 'c'க்குப் பதில் 'qu' எழுதுகிறார்கள். வாயில் ஒன்றும் மாறவில்லை.

கே: பெரியவர்களிடம்?

'உஸ்தெத்' (நீங்கள்) மரியாதையில் வேலை மிச்சம். 'ஆப்லெ' என்றால் பேசுங்கள், 'நோ ஆப்லெ' என்றால் பேசாதீர்கள். வடிவம் ஒன்றுதான்.

கே: 'தீமெலோ' (அதை எனக்குச் சொல்) என்பதில் 'நோ' எங்கே வரும் அண்ணா?

முன்னால்தான் தம்பி. ஆனால் ஒட்டிக்கொண்டிருந்த 'மெ', 'லோ' இரண்டும் வாலை விட்டு வினைக்கு முன்னால் ஓடிவிடும்: 'நோ மெ லோ திகாஸ்'. பலர் தடுமாறுவது வடிவத்தில் அல்ல, இந்த இடமாற்றத்தில்தான். அப்புறம், 'லோ' இல்லாமல் 'நோ மெ திகாஸ்' என்று யாராவது வியந்து சொன்னால் பேச்சை நிறுத்திவிடாதீர்கள். 'அட, அப்படியா!' என்கிறார்கள்.

கே: பலகைகளில் 'நோ ஃபுமார்' (புகைபிடிக்கக் கூடாது) என்று இருக்கிறதே, அது தவறா?

இல்லை. பலகை ஒரு ஆளைப் பார்த்துப் பேசுவதில்லை, அதனால் மாறாத மூல வடிவம் போதும். நம் ஊர்ச் சுவரில் 'இங்கே குப்பை கொட்டக் கூடாது' என்று எழுதுகிறோமே, அந்த 'கொட்ட' மாதிரி. அதையே பக்கத்தில் நிற்கும் நண்பனிடம் சொல்வதென்றால், 'நோ ஃபுமெஸ்'.